பொருள்: ஃபெட் பேட்ச் நொதித்தல் – ‘ஊட்டீடு’ சரியா, ‘ஊட்டு ஈடு’ சரியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

லைசின் என்ற அமினோ அமிலத்தை நுண்ணுயிரால் தயாரிப்பதைத் தமிழில் எழுதப் போனால் முதலில் இடிப்பது பேட்ச் (batch), ஃபெட் பேட்ச் (fed-batch) என்ற இணைதான். பேட்சுக்கு ‘ஈடு’ என்பது என் முன்மொழிவு. தருமபுரி வீடுகளில் “இரண்டு ஈடு இட்லி” என்கிறோமே, அந்த ஈடு. ஒன்றாக ஏற்றி, ஒன்றாக இறக்குவது. இடையில் ஊட்டம் சேர்த்தால் ‘ஊட்டீடு’.

முறை இதுதான். கோரினிபாக்டீரியம் குளூட்டாமிகம் என்ற பாக்டீரியாவை லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சர்க்கரையில், சுமார் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வளர்க்கிறோம். சர்க்கரை தீரும் தறுவாயில் அதன் அடர்கரைசலைச் சிறுகச் சிறுக விடுகிறோம். அமிலத்தன்மை ஏறாமல் பிஎச் 7-ஐ ஒட்டி நிறுத்த அம்மோனியா. நைட்ரஜனும் அதிலிருந்தே கிடைத்துவிடும். மொத்தச் சர்க்கரையையும் முதலிலேயே கொட்டினால் சவ்வூடுபரவல் அழுத்தத்தில் வளர்ச்சி மந்தமாகும். ஆக்சிஜன் பற்றாமல் போனாலோ லைசினுக்குப் பதில் லாக்டிக் அமிலமும் சக்சினிக் அமிலமும் சேரும்.

– தருமபுரி

---

ஐயா, ‘ஈடு’ பிடித்திருக்கிறது. பாடநூல்களின் ‘தொகுதி’ வேர்த்தொகுதி, சட்டமன்றத் தொகுதி என்று ஏற்கெனவே பல சுமை தூக்குகிறது. ஆனால் ‘ஊட்டீடு’ வேண்டாம். மதிப்பீடு, குறுக்கீடு போல ‘ஊட்டும் செயல்’ என்றே படிப்பவர் கொள்வர். பிரித்து ‘ஊட்டு ஈடு’ என்று எழுதினால் ஈடு தனித்து நிற்கும்.

இன்னொன்று. ஊட்டம் என்றால் சர்க்கரை மட்டும் என்ற எண்ணம் வரக்கூடாது. இயற்கையில் இந்த நுண்ணுயிர் அஸ்பார்ட்டேட்டிலிருந்து தனக்கு வேண்டிய அளவே லைசின் செய்துகொள்ளும். லைசினும் திரியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலமும் சேர்ந்து மிகுந்தால், அந்தப் பாதையைத் தொடங்கிவைக்கும் அஸ்பார்ட்டோகைனேஸ் நொதி அடங்கிவிடும். திரியோனினுக்கும் மெத்தியோனினுக்கும் போகும் ஹோமோசெரின் பாதை அறுந்த திரிபுகளில் (மரபணு மாறிய வகைகளில்) அவை இரண்டும் உருவாகாது. ஆகவே அந்தத் தடை விழாமல் லைசின் பெருகும். அந்தத் திரிபு வளரத் திரியோனினையும் மெத்தியோனினையும் வெளியிலிருந்து தர வேண்டும். தாராளமாகத் தந்தால் செல் கொழிக்கும், தடையும் திரும்பிவிடும், லைசின் குறையும். அளந்து தருவதுதான் இந்த முறையின் உயிர்.

– கிருஷ்ணகிரி

---

பிரித்தெழுதுவதை ஏற்கிறேன். அளவு பற்றிச் சொன்னதற்கு குளூட்டாமிக் அமிலமும் நல்ல சான்று. அங்கே பயோட்டின் என்ற வைட்டமின் குறைவாக இருந்தால்தான் செல் குளூட்டாமேட்டை வெளியே விடும். பாலக்கோடு சர்க்கரை ஆலையில் கிடைப்பது போன்ற கரும்புக் கழிவுப்பாகு மலிவுதான், ஆனால் அதில் பயோட்டின் மிகுதி. அப்படியே ஊட்டினால் செல் பெருகும், குளூட்டாமேட் வெளிவராது. வளர்ச்சியின் நடுக்கட்டத்தில் பெனிசிலினோ, ட்வீன் 40 என்ற பரப்புச் செயலியோ சேர்ப்பது, பயோட்டின் மிகுந்தும் குளூட்டாமேட்டை வெளிவரச் செய்யத்தான். பிந்திச் சேர்த்தால் பயன் குறைவு.

மெத்தியோனினைத் தயாரிப்பது மட்டும் இந்த நொதித்தல் கணக்கில் பெரும்பாலும் வராது. அதை அக்ரோலின் என்ற வேதிப்பொருளிலிருந்து வேதிமுறையில், டி, எல் என்ற இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களும் கலந்தே செய்கிறார்கள். கோழியின் உடல் டி வடிவத்தையும் எல் ஆக மாற்றிக்கொள்வதால் தீவனத்துக்கு அது போதும்.

கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கலாமா?

ஈடு: எல்லாவற்றையும் முதலிலேயே இட்டு, முடிவில் ஒருசேர இறக்கும் நொதித்தல்.
ஊட்டு ஈடு: ஊட்டத்தை இடையிடையே அளந்து சேர்த்து, விளைபொருளை முடிவில் மட்டும் இறக்குவது.
தொடர் நொதித்தல்: ஊட்டம் உள்ளே வரவர, அதே வீதத்தில் கரைசல் வெளியேறுவது.

– தருமபுரி