கலைச்சொல்: சிலந்தி இழை ‘செரியாப் புரதம்’ ஆகுமா?

> சிலந்தி இழையைத் தெரியாமல் விழுங்கினாலும் வயிற்றில் கரையாது என்பதால் ‘செரியாப் புரதம்’ என்றே போட்டுவிடலாம்.

ஐயா, ‘செரியா’ என்றால் அறவே செரிக்காது என்றாகிவிடும். வட்டவலை பின்னும் சிலந்திகள் பலவும் பழைய வலையைத் தாமே தின்று, அந்தப் புரதத்தில் புது இழை நூற்கின்றன. திணறுவது நம் நொதிகள்தான். டிரிப்சின் என்ற குடல் நொதி, புரதத்தில் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் உள்ள இடத்தில்தான் வெட்டும். இழையில் அலனின் என்ற அமினோ அமிலம் மட்டுமே வரிசையாக வரும் தொடர்களில் அவை இல்லை. போதாக்குறைக்கு அத்தொடர்கள் அடுக்கடுக்காக இறுகிப் படிகமாகியிருப்பதால் இரைப்பை நொதியான பெப்சினும் எளிதில் நுழையாது. கிளைசின் என்ற அமினோ அமிலம் மிகுந்த நெகிழ்வான பகுதிகள் ஓரளவு அறுபடும், மிச்சம் மலத்தோடு போகும். அளவும் அற்பம்: 4 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இழையில் 1 மில்லிகிராம் சேரச் சுமார் 60 மீட்டர் வேண்டும்.

‘மந்தச்செரிப் புரதம்’ எனலாமா?

---

> மந்தச்செரிப் புரதம்

அம்மா, மந்தம் வேண்டாம். மதுரைப் பக்கம் ‘வயிறு மந்தமா இருக்கு’ என்றாலே ஓமத்தைத் தேடுவார்கள். அது வயிற்றின் நிலை. நமக்கு வேண்டியது புரதத்தின் இயல்பு. ‘அருஞ்சுரம்’ என்றால் கடக்க அரிய பாலைவழி. அதேபோல் ‘அருஞ்செரிப் புரதம்’. (அருமையான புரதம் என்று ஜிம்காரர்கள் தேடி வந்தால் நான் பொறுப்பில்லை.) ஆங்கிலத்தில் ‘silk’ என்பதற்காகச் ‘சிலந்திப் பட்டு’ என்றும் போட வேண்டாம். இந்த ஊரில் பட்டு என்றால் சேலைதான், ‘இழை’ போதும்.

---

அருஞ்செரிக்கு என் ஓட்டு. ஆனால் ‘ஒட்டடை’யைத் தனிப்பதிவாக்குங்கள். பொங்கலுக்கு முன் கம்பை விட்டு அடிக்கும்போது வாயில் விழுவது வெறும் இழையில்லை: தூசி, பூச்சிச் சக்கை, சுண்ணாம்புப் பொருக்கு, அடுப்படியாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கும். கவனிக்க வேண்டியது இவற்றைத்தான். வாய் கொப்பளித்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தால் போதும். விரலை விட்டு வாந்தி எடுக்கக் கூடாது. புரையேறி இருமல் நிற்காவிட்டாலோ மூச்சு இழுத்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். அந்தச் சுவரில் பூச்சிமருந்து அடித்திருந்தால் மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

‘விஷம்’ பற்றியும் ஒரு வரி சேருங்கள், எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். நஞ்சு முன்னுடல் சுரப்பியிலிருந்து நச்சுப்பல் வழியாக வருவது. இழை வயிற்றுப்பகுதியின் பின்முனையிலிருந்து. இரண்டும் வேறு வேறு.

பதிவு வரைவு:

அருஞ்செரிப் புரதம் (பெ.): செரிமான நொதிகள் எளிதில் வெட்ட முடியாதபடி இறுகிய அமைப்புள்ள புரதம். எ-டு: சிலந்தி இழை, பட்டுப்புழு இழை. ஒ.நோ: ஒட்டடை.