ஸ்டார்ட்டர் டெம்ப்ளேட் லோக்கல்ல ஓடுது, சர்வர்ல வெள்ளைப் பக்கம் – அவசரம்

பெருங்குடி_பையன் · இரவு 9:12
எல்லாருக்கும் வணக்கம். இனி எடுக்கிற ஃப்ரண்ட்எண்ட் ப்ராஜெக்ட் எல்லாத்துக்கும் பொதுவா ஒரு டெம்ப்ளேட் போட்டு வைன்னு டீம் லீட் சொன்னாரு, போட்டாச்சு. லேப்டாப்ல பக்காவா ஓடுது. பில்ட்லயும் எரர் இல்ல. சர்வர்ல ஏத்தினா வெறும் வெள்ளை. காலைல பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு பார்ட்டிகிட்ட இதை வெச்சுத்தான் டெமோ. யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

மாம்பலம்_மெயில் · 9:15
ரியாக்ட்டா, வ்யூவா, ஸ்வெல்ட்டா? எதை வெச்சு பில்ட் பண்றீங்க? சர்வர்னா என்ன சர்வர்?

கீபோர்டு_கிழவர் · 9:21
"வெள்ளை" என்று ஒரு பிழைச் செய்தி கிடையாது, தம்பி. எஃப்12 என்று ஒரு பொத்தான் உங்கள் லேப்டாப்பிலும் இருக்கும். அழுத்தி, கன்சோலில் சிவப்பாக வருவதை அப்படியே இங்கே ஒட்டுங்கள். இதையே எத்தனை இழையில்தான் எழுதுவது?

ஓஎம்ஆர்_ட்ராஃபிக் · 9:24
நோடு (ப்ரவுசருக்கு வெளியே ஜேஎஸ் ஓட்டறது) வெர்ஷன்தான் ப்ரோ, கண்ணை மூடிட்டு சொல்றேன். வீட்னு பில்ட் டூல் இருக்கே, அதோட 7-க்கு நோடு 20.19 வேணும், 22-ன்னா 22.12-க்கு மேல. உபுண்டு 22.04-ல சும்மா ஏப்ட் கமாண்ட்ல போட்டா வர்றது நோடு 12. சர்வர்ல என்ன இருக்குன்னு பாருங்க.

மாம்பலம்_மெயில் · 9:28
வீட்னே அவர் இன்னும் சொல்லல. அப்படியே இருந்தாலும் பில்ட் முடிஞ்சு டிஸ்ட் ஃபோல்டர்ல வர்றது வெறும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜேஎஸ். அதை எடுத்துக் கொடுக்க சர்வர்ல நோடே வேண்டாம்.

டீக்கடை_பெஞ்ச் · 9:30
விண்டோஸ் மெஷினா? அப்போ ஃபைல் பேர்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கும். விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸ் விடாது. எங்க டீம்ல எப்பவும் இதுதான்.

மாம்பலம்_மெயில் · 9:33
லினக்ஸ்ல பில்ட் பண்ணா அது உதைக்கும், சரி. இவர் லேப்டாப்லயே பில்ட் பண்ணித் தூக்கிப் போட்ட மாதிரி தெரியுது. அப்படின்னா பப்ளிக் ஃபோல்டர்ல இருக்கிற படம், ஐகான்தான் அடிவாங்கும். முழுப் பக்கமும் போகாது.

பெருங்குடி_பையன் · 9:41
சாரி, வண்டில இருந்தேன். ரியாக்ட், வீட். ஷேர்டு ஹோஸ்டிங், சி-பேனல், அப்பாச்சி. கன்சோல்ல ஜேஎஸ், சிஎஸ்எஸ் ரெண்டுக்கும் 404 (ஃபைல் இல்ல) காட்டுது.

கீபோர்டு_கிழவர் · 9:43
இந்த மூன்று வரியை முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு ஆரூடம் தேவைப்பட்டிருக்காது.

மாம்பலம்_மெயில் · 9:44
டொமைனுக்கு நேரா போட்டிருக்கீங்களா, உள்ளே ஏதாவது ஃபோல்டர்லயா?

பழைய_வெப்பேக் · 9:52
கிரியேட் ரியாக்ட் ஆப்னு பழைய டூல் இருந்தப்போ இந்தத் தலைவலியே இல்ல. பேக்கேஜ் ஜேசன்ல ஹோம்பேஜ்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சது. நான் இன்னும் அதைத்தான் ஓட்டறேன்.

கீபோர்டு_கிழவர் · 9:55
2025 பிப்ரவரி 14 அன்று ரியாக்ட் குழுவே அதற்கு மூடுவிழா நடத்திவிட்டது. அதை வைத்துப் புது டெம்ப்ளேட் போடச் சொல்வது வம்பு.

பழைய_வெப்பேக் · 9:57
போடச் சொன்னேனா சார்? ஓடுதுன்னு சொன்னேன். வீட் டூல்லயும் ஆப் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு சொல்ற அதே ஒரு வரிதான், பேரு பேஸ். அது ஒண்ணும் மந்திரம் இல்ல.

வேளச்சேரி_படகு · 10:03
டெம்ப்ளேட்டுக்குள்ள என்னென்ன போட்டீங்க?

பெருங்குடி_பையன் · 10:20
ஃபோல்டர்லதான். டொமைன், ஸ்லாஷ், பில்லிங். உள்ளே ரீடக்ஸ், ஆக்ஸியோஸ், டெயில்விண்ட், சார்ட், லாகின் பக்கம் எல்லாம் இருக்கு. பேமென்ட் கேட்வே கீ, சீக்ரெட் ரெண்டும் செட்டிங் எழுதற என்வ் ஃபைல்ல. சீக்கிரம் சொல்லுங்க அண்ணா.

ஓஎம்ஆர்_ட்ராஃபிக் · 10:22
அப்போ ஈஸி. வீட் கான்ஃபிக்ல பேஸ்னு ஒண்ணு இருக்கும், அதுல புள்ளி ஸ்லாஷ் போட்டு திரும்ப பில்ட் பண்ணுங்க. எந்த ஃபோல்டர்ல போட்டாலும் ஓடும்.

வேளச்சேரி_படகு · 10:24
ஒரு நிமிஷம். சீக்ரெட்டா?? அந்த வேரியபிள் பேரு எப்படி ஆரம்பிக்குது?

பெருங்குடி_பையன் · 10:31
புள்ளி ஸ்லாஷ் போட்டேன். மேல ஹெட்டர் வருது, கீழே காலி. கன்சோல்ல "நோ ரூட்ஸ் மேட்ச்டு"ன்னு மஞ்சளா ஒரு வரி.

மாம்பலம்_மெயில் · 10:46
புள்ளி ஸ்லாஷை எடுத்துடுங்க. ஒரே பக்கம் இருக்கிற ஆப்புக்கு அது சரி, உங்களுக்கு ரவுட்டர் (முகவரியைப் பார்த்துப் பக்கம் மாத்தற கோட்) இருக்கு. இப்போ முதல் பக்கம் வந்தாலும், பில் நம்பர் 42 மாதிரி உள்ளே போன பக்கத்துல ரிஃப்ரெஷ் பண்ணா, ப்ரவுசர் ஜேஎஸ்ஸை அந்த உள் பாதைலயே தேடும். அங்க எங்க இருக்கும்?

பேஸ்ல ஸ்லாஷ், பில்லிங், ஸ்லாஷ்னு முழுசா கொடுங்க. கடைசி ஸ்லாஷையும் விடாதீங்க. ரவுட்டருக்கு நீங்க ஃபோல்டருக்குள்ள இருக்கிறது தெரியாது, அதான் கீழே காலி. பேஸ்நேம்னு அதுக்கு ஒரு ப்ராப் இருக்கு. அதுல கையால பில்லிங்னு எழுதாம, இம்போர்ட் மெட்டா என்வ்ல இருக்கிற பேஸ் யூஆர்எல்லைக் கொடுத்துடுங்க. ரெண்டும் சேர்ந்தே மாறும்.

இதோட நிக்காது. ரிஃப்ரெஷ் பண்ணா அப்பாச்சி நிஜமாவே அந்தப் பேர்ல ஃபைல் தேடி 404 கொடுக்கும். பில்லிங் ஃபோல்டர்ல எச்டிஆக்ஸஸ்னு அப்பாச்சிக்கான செட்டிங் ஃபைல் போட்டு, ஃபால்பேக் ரிசோர்ஸ்னு எழுதி, பில்லிங்குக்குள்ள இருக்கிற இன்டெக்ஸ் ஹெச்டிஎம்எல்லோட முழுப் பாதையைக் கொடுங்க. அதுக்கப்புறம் "மைம் டைப் டெக்ஸ்ட் ஹெச்டிஎம்எல்"னு எரர் வந்தா பேஸ் இன்னும் தப்புன்னு அர்த்தம். ஜேஎஸ் கேட்ட இடத்துல அதே ஃபால்பேக் இன்டெக்ஸைத் தூக்கிக் கொடுக்குது.

ஏத்தறதுக்கு முன்னாடி என்பிஎம் ரன் ப்ரிவ்யூ ஓட்டிப் பாருங்க, லேப்டாப்லயே 4173-ம் போர்ட்ல திறக்கும். பேஸ்நேம் கோளாறு அங்கயே தெரிஞ்சுடும். ரிஃப்ரெஷ் கோளாறு தெரியாது, ஃபால்பேக்கை அது தானே பார்த்துக்கும்.

கீபோர்டு_கிழவர் · 10:52
இவ்வளவு எதற்கு? ஹாஷ் ரவுட்டர் போட்டால் ரவுட்டருக்காக சர்வரில் கையே வைக்க வேண்டாம்.

மாம்பலம்_மெயில் · 10:54
வேலை செய்யும். பார்ட்டி முகவரில நடுவுல ஒரு வேலிக்குறியை (#) பார்த்துட்டு "இது என்ன தம்பி"ன்னு கேட்பாரு, அவ்வளவுதான்.

டீக்கடை_பெஞ்ச் · 11:02
ஒரு சந்தேகம். டெம்ப்ளேட்ல எதுக்கு ரீடக்ஸ்னு ஒரு ஸ்டேட் (ஆப்போட நடப்புத் தகவல்) லைப்ரரி? நாங்க போட்ட டெம்ப்ளேட்டை எடுத்தவன் எல்லாம் முதல் வேலையா பாதியைத்தான் அழிச்சான்.

பழைய_வெப்பேக் · 11:05
இல்லாட்டி ஆளுக்கு ஒரு ஸ்டேட் லைப்ரரி போடுவான். அப்புறம் யாரு மெயின்டெய்ன் பண்றது?

டீக்கடை_பெஞ்ச் · 11:11
ஒரு ஃபார்ம், ரெண்டு டேபிள் இருக்கிற ஆப்புக்கு ரியாக்ட்லயே இருக்கிற யூஸ்ஸ்டேட் போதும் அண்ணே. எல்லாரும் மறக்கிறது எதுவோ அதைத்தான் டெம்ப்ளேட்ல வைக்கணும். லைப்ரரி வெர்ஷனைப் பூட்டி வைக்கிற லாக் ஃபைல், நோடு வெர்ஷன் எழுதின ஒரு ஃபைல், கோட்ல தப்பு பார்க்கிற லின்ட், என்வுக்கு ஒரு சாம்பிள் ஃபைல், இப்போ சொன்ன எச்டிஆக்ஸஸ். பேஸைக்கூட உள்ளே எழுதக் கூடாது. பில்ட் கமாண்ட்லயே கொடுக்கலாம், ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு ஃபோல்டர். சார்ட் எதுக்கு?

பழைய_வெப்பேக் · 11:13
பார்ட்டிக்கு சார்ட் பிடிக்கும். வேற எதுக்கு?

வேளச்சேரி_படகு · 11:20
யாருமே என்வ் பத்திப் பேசல. தம்பி, வீட், அண்டர்ஸ்கோர்னு ஆரம்பிக்கிற வேரியபிளை கோட்ல கூப்பிட்டிருந்தா, பில்ட் அதோட மதிப்பை எடுத்து ஜேஎஸ்ஸுக்குள்ள அப்படியே எழுதிடும். பக்கத்தைத் திறக்கிற யாரும் படிக்கலாம். சர்வர்ல என்வ் ஃபைலை மாத்தினாலும் ஒண்ணும் ஆகாது, உள்ளே பதிஞ்சது பதிஞ்சதுதான். ப்ரவுசருக்குன்னு கொடுக்கிற பப்ளிக் கீ இருக்கலாம். சீக்ரெட் பேக்எண்ட்லதான் இருக்கணும். இன்னிக்கே கேட்வே டாஷ்போர்டுல புது கீ எடுத்து, பழசை ரத்து பண்ணுங்க. கோட் சேர்த்து வைக்கிற கிட்லயும் ஏத்தியிருந்தா ஃபைலை அழிச்சாலும் ஹிஸ்டரில கிடக்கும்.

ஓஎம்ஆர்_ட்ராஃபிக் · 11:26
நோடு வெர்ஷனையும் ஒரு தடவை பார்த்துடுங்க ப்ரோ.

பெருங்குடி_பையன் · மறுநாள் பகல் 1:38
பேஸ், பேஸ்நேம், எச்டிஆக்ஸஸ் மூணும் போட்டதும் வந்துடுச்சு. டெமோ ஓகே. தேங்க்ஸ் அண்ணா.

வேளச்சேரி_படகு · 1:45
சந்தோஷம். சீக்ரெட்டை மாத்திட்டீங்களா?

வேளச்சேரி_படகு · இரவு 8:10
தம்பி?