ஒரே சம்பளத்தில் குழந்தைச் செலவு: எதை வாங்குவது, எதை விடுவது?

மழைத்துளி: எனக்கு இது ஆறாவது மாதம். பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருடமாவது வேலைக்குப் போக முடியாது, அப்போது கணவர் சம்பளம் மட்டும்தான். தொட்டில், தள்ளுவண்டி, துணிமணி என்று பட்டியல் போட்டாலே தலை சுற்றுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

இரண்டு பிள்ளை அம்மா: கடையிலிருந்து இல்லை, வங்கிக் கணக்கிலிருந்து. உங்கள் சம்பளம் வந்த அன்றே அதைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அவர் சம்பளத்தில் மட்டும் குடும்பத்தை ஓட்டிப் பாருங்கள். நாங்கள் செய்தபோது முதல் மாதம் 20ஆம் தேதியே கை காய்ந்துவிட்டது, எங்கே போனது என்று தோண்டினால் யாருமே பார்க்காத மூன்று சந்தாக்கள்! மூன்றாவது மாதம் பழகிவிட்டது, ஒதுக்கிய பணம் பிரசவச் செலவுக்கு ஆனது.

புது அப்பா: துணி அதிகம் வாங்காதீர்கள், பிறந்த குழந்தை அளவெல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் பத்தாமல் போகும். எங்கள் வீட்டில் விலைச்சீட்டு கிழிக்காமலே நான்கு சட்டை கிடக்கிறது. முதல் வாரங்களில் டயப்பர் ஒரு நாளைக்கு 8 முதல் 12 வரை ஆகும், அதனால் பகலில் துவைக்கும் துணி, இரவில் டயப்பர் என்று வைத்துக்கொண்டோம். தொட்டிலுக்குத் தலையணை, மெத்து பொம்மை எதுவும் வேண்டாம், காசுக்காக மட்டுமில்லை, மூச்சுத் திணறும் ஆபத்தும் உண்டு. அப்புறம், காரில் மாட்டும் குழந்தை இருக்கையை மட்டும் தெரியாதவர்களிடம் பழையதாக வாங்காதீர்கள். விபத்தில் அடிபட்டதா என்று வெளியே தெரியாது.

மழைத்துளி: சரி, சந்தாவைத் தேடிப் பார்த்தேன். இரண்டு மாட்டியது, இரண்டுமே அவருடையது.