ரீசெட்டுக்கு ‘மீட்டமை’ பொருந்துமா? (நாளை காலை அச்சு)

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம். வீட்டு ஃபைபர் இணைப்பு பற்றிய இரண்டு பக்க உதவிக் குறிப்பு நாளை காலை அச்சுக்குப் போகிறது. ரௌட்டருக்குத் ‘திசைவி’ என்று முடிவாகிவிட்டது, அதை மறுபடி கிளற வேண்டாம். சிக்கல் ரீசெட்டில்தான், அதாவது திசைவியின் அமைப்புகளை அழித்து முதல்நிலைக்குக் கொண்டுபோகும் செயலில். ‘மீட்டமை’ என்று எழுதினால், போன இணைப்பை மீட்கும் வழி என்றே படிப்பார்கள். ஊசியை எடுத்து ரீசெட் துளைக்குள் 10 விநாடி அழுத்திவிட்டால் பிபிபிஓஇ (நிறுவனத்துடன் இணைய உள்நுழையும் முறை) பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண் (நிறுவனத்தின் வலைப்பிரிவைக் குறிக்கும் எண்), வைஃபை பெயர் எல்லாம் போய்விடும். மின்சாரத்தை அணைத்து 30 விநாடி கழித்துப் போட்டாலே போதுமாக இருந்திருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல் தாருங்கள்.

மடல் 2

மீட்டு + அமை = மீட்டமை. உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும் என்ற நன்னூல் விதிப்படி புணர்ச்சியில் பிழையில்லை. பொருளில்தான் இடறல். மீள் தன்வினை (மீண்டான்), மீட்பது பிறவினை (மீட்டான்). இழந்ததைத் திரும்பப் பெறுவதே மீட்பு. அடகு நகையை மீட்கிறோம். இங்கே கையில் இருப்பதையும் இழக்கிறோம். எனவே தன்வினையாக ‘மீளமை’ என்க: கருவி தன் முதல்நிலைக்கு மீள்கிறது. ‘அமை’யை மூங்கில் என்று கொள்வாரும் உண்டு. குறள் 906-இல் ‘அமையார்தோள்’ மூங்கிலை ஒத்த தோள்தான். அந்த அமை பெயர்ச்சொல், நம்முடையது வினை, குழப்பம் வராது.

மடல் 3

இலங்கையில் ‘மீள்’ நல்ல பழக்கம். மீள்குடியேற்றம், மீள்திருத்தம் என்று நாளாந்தம் எழுதுகிறோம். ஆனால் அதே காரணத்தால் ‘மீளமை’ என்றால் இங்கே ‘திரும்ப அமைத்தல்’ என்றுதான் விளங்கும். அழியும் என்ற எச்சரிக்கை அதிலும் இல்லை, ஐயா.

மடல் 4

சொல்லுக்கு முன் பெட்டியின் (திசைவியின்) விளக்கைப் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை. அணைத்துப் போட்டாலும் துளையை அழுத்தினாலும் பயனில்லை. மஞ்சள் ஒயர் எங்காவது மடங்கியிருக்கிறதா, பச்சை முனை முழுக்கச் செருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றிய முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் பெறும் ஒளித்திறன் -27 டிபிஎம்முக்குக் (ஒளித்திறனின் அலகு) கீழே போயிருந்தால் லைன்மேன் வந்தே ஆக வேண்டும்.

பான் விளக்கு (ஃபைபர் இணைப்பு கிடைத்ததைக் காட்டுவது) நிலையாகப் பச்சை, ஆனால் இணையம் இல்லை என்றால் கதை வேறு. கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் பெட்டி முகவரி தரவில்லை. ஒருமுறை அணைத்துப் போடலாம். 8.8.8.8-க்குப் பிங் (பதில் வருகிறதா என்ற சோதனை) போகிறது, தளப்பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளப்பெயரை எண் முகவரியாக்கும் சேவை) கோளாறு. எதற்கும் ஊசி தேவையில்லை. சில நிறுவனங்கள் அழிந்த அமைப்புகளைத் தொலைவிலிருந்தே திரும்ப ஏற்றிவிடும், எல்லாரும் அப்படிச் செய்வதில்லை.

இன்னொன்று: சில பெட்டிகளில் அதே துளையைத் தொட்டு விட்டால் மறுதொடக்கம், நீள அழுத்தினால் அழிப்பு. பொத்தானுக்குப் பெயர் வைத்துப் பயனில்லை, செயலுக்கு வையுங்கள்.

மடல் 5

அப்படியானால் ‘துடைத்தமை’. துடைத்துவிட்டு அமைப்பது. எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மற்றதற்கு ‘அணைத்துப் போடு’ போதும், வீட்டில் எல்லாரும் சொல்வது அதுதான்.

மடல் 2-இன் ஆசிரியரிடமிருந்து

துணியால் பெட்டியைத் துடைப்பார்கள். தவிர, கைபேசிகளில் ‘ஆரம்பநிலைக்கு மீட்டமை’ பழகிவிட்டது. ஊர் பழகிய சொல்லை ஒரு கையேட்டுக்காக மாற்றுவது படிப்பவருக்குச் சுமை.

மடல் 3-இன் ஆசிரியரிடமிருந்து

பழகியது ‘மீட்டமை’ மட்டுமல்ல, ‘ஆரம்பநிலைக்கு’ என்ற முன்சொல்லும்தான். அதை வெட்டினதால்தான் இந்தச் சிக்கலே.

மடல் 1-இன் ஆசிரியரிடமிருந்து

நேரமாகிவிட்டது. நான்கு பேரில் மூவர் ‘மீட்டமை’ தனியாக வேண்டாம் என்கிறீர்கள். அச்சில் இப்படிப் போகிறது: “முதலில் அணைத்து, 30 விநாடி கழித்துப் போடவும். ரீசெட் துளையை அழுத்த வேண்டாம். அழுத்தினால் அமைப்புகள் எல்லாம் அழியும்.” சொல்லடைவில் ரீசெட்டுக்கு நேராக ‘ஆரம்பநிலைக்கு மீட்டமைத்தல்’.

மடல் 5-இன் ஆசிரியரிடமிருந்து

குறிப்பின் உள்ளே ரீசெட், அடைவில் நீண்ட சொற்கள் இரண்டு. ‘துடைத்தமை’யை அடைவில் மாற்றுச்சொல்லாகவாவது சேர்க்கக் கேட்கிறேன். என் மறுப்பு பதிவாகட்டும்.