கிளாஸ்வூல் போட்ட வீடுகள்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

அழகாபுரம், மேல்மாடி வீடு

மேல்மாடியில் குடியிருக்கும் சேலத்துக்காரர்களுக்கு மே மாதத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கத் தொடங்குகிறது. மின்விசிறியைப் போட்டால் அனல்தான் வருகிறது. என் மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. கழுத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அவருக்காகத்தான் படுக்கையறையில் ஜிப்சம் பலகையால் ஃபால்ஸ் சீலிங் அமைத்து, அதன்மேல் 50 மில்லிமீட்டர் கிளாஸ்வூல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு, விரித்தோம்.

உச்சந்தலையில் இறங்கிய அந்தக் காந்தல் நின்றுவிட்டது. ஏசியை 26-இல் வைத்தாலே அறை சீக்கிரம் குளிர்ந்து, கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுகிறது. முன்பு அது ஓய்ந்ததே இல்லை. ஆனால் ஏசி இல்லாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தால் புழுக்கம் அப்படியே இருக்கிறது. மேற்குச் சுவர் வழியாக வரும் சூட்டைச் சீலிங் தடுக்காது.

போட நினைப்பவர்கள் முதலில் தளத்தில் நீர்க்கசிவு இருக்கிறதா என்று ஒரு மழைக்காலம் பார்த்துவிடுங்கள். சீலிங் வந்த பிறகு கசிவு கண்ணுக்குத் தெரியாது, பஞ்சுதான் நனைந்துகொண்டிருக்கும். மின்விசிறியைத் தளத்துக் கொக்கியிலேயே மாட்டச் சொல்லுங்கள், நீளமான கம்பி வாங்க வேண்டியிருக்கும். சீலிங்கில் பதிக்கும் விளக்குகளின் மேல் பஞ்சு மூடாமல் இடம் விடச் சொல்லுங்கள். அதன் சூடு வெளியேற வழி வேண்டும்.

அம்மாபேட்டை, விசைத்தறிக் கூடம்

அழகாபுரம் அக்கா சொன்னது தளம் போட்ட வீடு. எங்களுடையது வீட்டை ஒட்டிய தறிக்கூடம், மேலே தகர ஷீட். சித்திரை மாதத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே நின்று அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட முடியாது. அப்பா காலத்திலிருந்து கோடையில் நண்பகலில் தறியை நிறுத்திவிட்டு, மாலையில் மறுபடி ஓட்டுவதுதான் வழக்கம். அந்த நேரத்துக்கான கூலி தறி ஓட்டுகிறவருக்கும் நட்டம், எங்களுக்கும் நட்டம்.

ஷீட்டை மாற்றும்போது, இரும்புச் சட்டத்தின் மேல் கோழி வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் அலுமினியத் தாள் ஒட்டிய கிளாஸ்வூல் விரித்து, பிறகு ஷீட் போட்டோம். தாள் ஒட்டிய பக்கம் கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். பளபளப்பான தாள் தன் சூட்டைக் கீழே அதிகம் வீசாது. மேலே பார்த்தபடி வைத்தால் தூசி படிந்து அந்தப் பலன் போய்விடும். எங்கள் கூடத்தில் பறக்கிற நூல் தூசிக்கு அது சீக்கிரமே நடக்கும்.

பலன்? மதியத்திலும் தறி ஓடுகிறது. இதைவிட வேறென்ன சொல்வது. மழை பெய்தால் தகரத்தில் விழுகிற சத்தமும் பாதியாகக் குறைந்துவிட்டது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கிளாஸ்வூலை வெட்டுகிறவர்கள் உடம்பைப் பாருங்கள். எங்களிடம் வந்த பையன்கள் அரைக்கைச் சட்டையோடு வேலையைத் தொடங்கினார்கள், முகமூடிகூட இல்லை. நான் நிறுத்திவிட்டு முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, கண்ணாடி வாங்கி வந்து கொடுத்த பிறகுதான் ஏணியில் ஏறவிட்டேன். அந்த இழை தோலில் குத்தினால் அரிப்பு சாமானியத்தில் போகாது. தேய்க்காமல் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். பழைய சிமெண்ட் அட்டைக் கூரை உள்ளவர்கள் அதில் துளை போடவோ உடைக்கவோ வேண்டாம். அதிலிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தூள் நுரையீரலுக்குக் கேடு. கிளாஸ்வூல் அரிப்போடு போய்விடும், இது அப்படியல்ல.

ஏற்காடு, தகரக் கூரை வீடு

அண்ணா, எங்கள் ஊர்க் கதை தலைகீழ். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், வெயிலைவிடப் பனிமூட்டத்துக்குத்தான் கிளாஸ்வூல் தேவைப்பட்டது. சமவெளியில் போடுகிற முறையிலேயே எங்களுக்கும் போட்டுவிட்டுப் போனார்கள், தாள் ஒட்டாத வெறும் பஞ்சு. இரவில் தகரம் குளிர்ந்ததும் வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக்காற்று மேலே போய், தகரத்தின் அடியில் நீராகப் படிந்து பஞ்சில் சொட்டியது. ஐப்பசி மழைக்குள் பஞ்சு தொங்கிவிட்டது, வீடெங்கும் பூஞ்சை வாடை. நனைந்த பஞ்சில் காற்று நின்ற இடத்தில் தண்ணீர் நிற்கிறது, அப்புறம் அது எதையும் தடுக்காது.

அதை எடுத்துவிட்டு, அறையைப் பார்த்த பக்கத்தில் அலுமினியத் தாளோடு, இணைப்புகளையெல்லாம் டேப் ஒட்டி அடைத்துப் போட்டோம். இப்போது சரியாக இருக்கிறது. மலையில் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். குரங்குகள் ஷீட் மேல் குதித்து ஆணியைத் தளர்த்திவிடுகின்றன, அந்த ஓட்டை வழியே மழை இறங்குகிறது.

சூரமங்கலம், ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

மூவரின் அனுபவமும் உண்மை. அதன் காரணத்தைச் சேர்த்துச் சொன்னால் மற்றவர்களுக்கு உதவும்.

கிளாஸ்வூலில் வேலை செய்வது கண்ணாடி அல்ல, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. கான்கிரீட்டைவிட ஏறத்தாழ 40 மடங்கு குறைவாகவே அது வெப்பத்தைக் கடத்தும். 50 மில்லிமீட்டர் பஞ்சு செய்கிற வேலையைக் கான்கிரீட் செய்ய வேண்டுமானால் தளம் ஆறடி கனம் இருக்க வேண்டும். ஆனால் 50 மில்லிமீட்டரை 25-ஆக அமுக்கித் திணித்தால் பலனும் ஏறத்தாழ பாதியாகிவிடும். வாங்கும்போது கனத்தோடு அடர்த்தியையும் கேளுங்கள், கன மீட்டருக்கு 24, 32, 48 கிலோ என்று கிடைக்கிறது.

தகரக் கூரைக்கு இது முதல் மருந்து. தளம் போட்ட வீட்டுக்கு இரண்டாவதுதான். காரணம், பஞ்சு அடியில் இருக்கிறது, வெயில் விழுவது மேலே. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் சேலத்துக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கிறது, ஆகஸ்ட் பிற்பகுதியில் மறுபடியும். அந்த வெயிலைத் தளம் வாங்கி, விரிந்து சுருங்கி, வெடித்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் முதலில் மேலே வெயிலை நிறுத்துங்கள். நம் பழைய கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதித்தது இதற்காகவும்தான். இப்போது வெள்ளைக் குளிர் ஓடு கிடைக்கிறது, வெள்ளைப் பூச்சும் இருக்கிறது. கையில் காசு இல்லாதவர்கள் சுண்ணாம்பாவது அடியுங்கள். கிளாஸ்வூலை மொட்டை மாடியில் போடச் சொல்கிறவரை நம்பாதீர்கள். அது மிதிபட்டு, நனைந்து வீணாகும்.

இன்னொன்று. மரத்தூளில் புதைத்த ஐஸ் கட்டி உருகாமல் இருக்கிறது, அதற்காக மரத்தூள் குளிர்ச்சி தருவதாகாது. கிளாஸ்வூலும் அப்படியே. ஏசி இல்லாத வீட்டில் உள்ளே சேர்ந்த சூட்டையும் அது பிடித்து வைக்கும். இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பதை விட்டுவிடாதீர்கள்.

அழகாபுரம்

நன்றி ஐயா. மேலே குளிர் ஓடு பதிக்க மேஸ்திரியிடம் பேசியிருக்கிறேன். மேற்குச் சுவருக்கு என்ன செய்யலாம்? உள்ளே பஞ்சு வைத்துப் பலகை அடிக்கச் சொல்கிறார்கள்.

சூரமங்கலம்

வேண்டாம் அம்மா, அறையும் சிறுத்துவிடும். கோடையில் சூரியன் வடமேற்குப் பக்கம் மறைகிறது. அந்தப் பக்கம் சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பி கட்டிக் கொடி ஏற்றுங்கள். கொடி வளரும்வரை பச்சை வலை கட்டினால் போதும். சுவரில் வெயில் படாவிட்டால் உள்ளே தடுக்க அதிகம் இருக்காது.