ஊர்க் கிணறுகளுக்கு இரண்டு வரைபடங்கள் தேவை

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்க் கிணறுகளின் நீரைப் பரிசோதித்து வரைபடம் தயாரிக்கச் சங்கம் எடுத்த முடிவு மிகவும் தேவையானது. ஆனால் நல்ல நீருக்குப் பச்சை, கெட்ட நீருக்குச் சிவப்பு என ஒரே படமாக வரைந்துவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குடிநீருக்கு ஒன்று, விவசாயத்துக்கு ஒன்று என இரண்டு படங்கள் வேண்டும்.

நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலை ஒட்டிய வயல்கள் வீட்டு மனைகளாகிவிட்ட இடங்களில் செப்டிக் டேங்கும் போர்வெல்லும் ஒரே காம்பவுண்டுக்குள் அருகருகே இருக்கின்றன. அங்கே கசிந்து சேரும் நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. காய்ச்சினால் நீர்தான் வற்றுமே தவிர, நைட்ரேட் போகாது. அந்த நீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே இழக்கக்கூடும். அதே நீர் வயலுக்குப் பாய்ந்தால் நெல்லுக்குத் தழைச்சத்து.

சோடியத்தின் கதை வேறு. கால்சியமும் மெக்னீசியமும் குறைந்து சோடியம் மிகுந்த நீரில் சோப்பு நன்றாக நுரைக்கும், துணியும் வெளுக்கும். அதையே களிமண் வயலுக்குத் தொடர்ந்து பாய்ச்சினால் மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். ஆகவே விவசாயப் படத்தில் உப்பின் மொத்த அளவோடு, கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு மிகுந்திருக்கிறது என்பதைக் காட்டும் சோடியம் உறிஞ்சு விகிதமும் இடம்பெற வேண்டும். உப்பின் மொத்த அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 750 மைக்ரோசீமென்ஸுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குக் கவலையில்லை. 2250ஐத் தாண்டினால் தென்னை ஓரளவு தாங்கும், வாழைக்கோ இலையோரம் கருகத் தொடங்கிவிடும். கடல்நீர் ஏறும் மணக்குடிக் காயல் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாதிரி எடுக்கும் காலமும் முக்கியம். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. போதாததற்குக் கால்வாயில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஓடும் நாட்களில் கரையோரக் கிணறுகள் இனிப்பாகவே இருக்கும். எனவே கால்வாய் அடைத்திருக்கும் சித்திரையில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறையும் எடுப்பதே சரி. மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய நீர் வெளியேறிய பின், பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள்: இரண்டு கிணறுகளுக்கு இடைப்பட்ட இடத்தின் நிறத்தைக் கணினியே கணித்து நிரப்பிக்கொள்ளும் முறையை நம்பிவிட வேண்டாம். கடற்கரை மணலில் அது ஓரளவு பொருந்தலாம். உட்பகுதியில் பாறை வெடிப்புகளில்தான் தண்ணீர் ஓடுகிறது. அடுத்தடுத்த இரண்டு போர்களுக்குள்ளேயே நீர் அடியோடு மாறிவிடும். அங்கே ஒவ்வொரு கிணற்றையும் தனிப் புள்ளியாகக் குறிப்பதே நேர்மையானது.

வெளியூரிலிருக்கும் நாம் பரிசோதனைக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு முன், வீட்டில் இருப்பவர்களிடம் கிணற்றின் ஆழம், திறந்த கிணறா போரா, செப்டிக் டேங்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பயிருக்குப் பாய்கிறது ஆகிய விவரங்களைக் கேட்டுப் பங்குனி முடிவதற்குள் செயலாளருக்கு அனுப்பி வையுங்கள்.