மறு: லேட்டன்சி – தாமதமா, சுணக்கமா?

அனைவருக்கும் வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் திறக்காததற்குச் சோம்பல் காரணமில்லை. நீங்கள் எல்லாரும் லேட்டன்சிக்கு, அதாவது கருவிக்குள் நுழைந்த ஒலி திரும்பி வெளியே வர எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு, தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருந்தபோது நான் அந்த லேட்டன்சியோடேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தைப்பூசக் காவடி நெருங்குகிறது. மாமாவின் குரலில் ஆறு காவடிப் பாட்டுகளைப் பதிவு செய்து தருவதாகக் கோவிலில் ஒப்புக்கொண்டுவிட்டேன். மொரீஷியஸில் அன்று அரசு விடுமுறை. நாள் தவறிப்போனால் அப்புறம் பாட்டு முடிந்தென்ன, முடியாமல் போனாலென்ன.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன், சொல்லைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ரோஸ்ஹில்லில் எங்கள் வீட்டின் பின்னறை. ஒரு மடிக்கணினி, இரண்டு மைக் செருகக்கூடிய யூஎஸ்பி ஒலிப்பெட்டி, ஒரு ஹெட்போன். மாமாவுக்குத் தமிழில் பாட வரும், பேச வராது. பாட்டுகளைப் பிரெஞ்சு எழுத்தில் ஒரு நீலநிற நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் அடியைப் பாடினார், நிறுத்தினார். மறுபடி பாடினார், மறுபடி நிறுத்தினார். ஹெட்போனைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். "ஐயோ, எவனோ பின்னால் நின்று என்னை நக்கல் பண்ணுகிறான்" என்றார் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில். ஐயோ மட்டும் தமிழ். இந்தத் தீவில் அது எல்லா இனத்தாருக்கும் பொதுச்சொத்து.

அவரை நக்கல் பண்ணியது அவர் குரலேதான். மைக்கில் நுழைந்த குரல் ஒலிப்பெட்டியில் எண்களாக மாறி, யூஎஸ்பி வழியாகக் கணினிக்குள் போய், பதிவு மென்பொருளைத் தொட்டுவிட்டு, அதே வழியில் திரும்பி ஹெட்போனுக்கு வரவேண்டும். விண்டோஸ் தானாகத் திறந்துவிடும் வழி, கணினியின் எல்லா ஓசைகளையும் ஒன்றாகக் கலக்கும் கலவையறைக்குள் புகுந்துதான் போகும். அஞ்சல் வந்தால் ஒலிக்கும் மணியும் மாமாவின் குரலும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. படம் பார்ப்பவருக்கு அது போதும், பாடுகிறவருக்குப் போதாது. அந்த அறையைச் சுற்றிக்கொண்டு போவதற்காகத்தான் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் ஆசியோ என்ற குறுக்குவழியைக் கொண்டுவந்தது. ஒலிப்பெட்டி செய்தவர்களின் ஆசியோ இயக்கி (டிரைவர்) இருந்தால் அதை நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் ஆசியோ ஃபார் ஆல் என்ற பொது இயக்கி இருக்கிறது. அது விண்டோஸின் சொந்த இயக்கிக்கே ஆசியோ வேடம் கட்டிவிடும். நான் பெட்டியோடு வந்த இயக்கியை ஒழுங்காக நிறுவியிருந்தேன். ஆனால் ரீப்பர் என்ற என் பதிவு மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டேன். இயக்கி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது. மென்பொருள் பழைய வழியிலேயே போய்வந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> தாமதம் என்ற சொல் இருக்க, புதிதாக எதற்கு?

தாமதம் வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. எனக்கு அந்தக் கவலை கிடையாது. பதிவு மென்பொருளில் டிலே என்று ஒரு விளைவு உண்டு. பாடிய சொல்லைச் சற்றுப் பொறுத்துத் திரும்பச் சொல்லும், மலையடிவாரத்தில் கூப்பிட்ட மாதிரி. பாட்டுக்கு அழகு சேர்க்க நாமே விரும்பிப் போடுவது அது. தமிழில் கையேடு எழுதுகிறவர்கள் பலரும் அதற்குத் தாமதம் என்றுதான் எழுதுவார்கள், அது நியாயமும்கூட. இப்போது இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்: "தாமத விளைவைச் சேர்த்தால் தாமதம் கூடலாம், தாமதத்தைக் குறைக்கத் தாமதத்தை நீக்காமல்..." என்னால் இதற்கு மேல் போக முடியவில்லை. வேண்டும் என்று போட்டதும் வேண்டாமல் வந்ததும் ஒரே பெயரில் இருந்தால் படிக்கிற பிள்ளை புத்தகத்தை மூடிவிடும்.

> கர்நாடக இசையில் அனாகதம் என்று இருக்கிறதே.

இருக்கிறது. தாளம் தொடங்கிய பிறகு பாட்டை எடுப்பது அனாகதம். தாளத்துக்கு முன்னாலேயே எடுத்துவிட்டால் அதீதம். இரண்டையும் பாட்டு அமைத்தவர் நினைத்துச் செய்கிறார். யூஎஸ்பி கம்பிக்கு அப்படியொரு கற்பனை கிடையாது. தாளக்காரர்கள் வாயில் புழங்கும் "இழுக்கிறது" என்ற சொல்லிலிருந்து இழுவை என்று ஒருவர் எடுத்துத் தந்தார். காதுக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் தாளம் இழுத்தால் அடி வாசிப்பவன் தலையில் விழும். என் மச்சான் ரவான் என்ற எங்கள் ஊர்த் தோல்மேளம் வாசிப்பவன். பதிவில் அவன் அடி பின்தள்ளி விழுந்ததும் "நீ இழுக்கிறாய்" என்று நான் சொன்னேன். கோபித்துக்கொண்டு போயே போய்விட்டான். தவறு அவன் கையில் இல்லை, இரண்டு நாள் கழித்து அளந்து பார்த்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. எனவே வேண்டியது, பழியை ஆள்மேல் போடாமல் வழிமேல் போடுகிற சொல்.

சுணக்கம் அதைச் செய்கிறது. "வேலை சுணங்கிவிட்டது" என்றால் வேலை செய்தவனைத் திட்டுவதாகாது. காகிதம் எங்கோ ஒரு மேசையில் தங்கிவிட்டது, அவ்வளவுதான். லேட்டன்சியும் அப்படித்தான்: ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் தங்கித் தங்கி வருவதன் கூட்டுத்தொகை.

அந்தத் தங்கலில் பெரும்பங்கு பஃபருக்கு, அதாவது ஒலியைச் சற்றே தேக்கி வைக்கும் நினைவிடத்துக்கு. இங்கே நான் பிள்ளைகளுக்கு எங்கள் மொட்டைமாடியைக் காட்டித்தான் சொல்வேன். குழாயில் நேரம் முழுவதும் தண்ணீர் வராது என்பதால் இந்தத் தீவில் வீட்டுக்கு வீடு மேலே ஒரு தொட்டி உண்டு. தொட்டி பெரிதானால் குழாய் நின்றாலும் கவலையில்லை, ஆனால் இப்போது உள்ளே விழுந்த தண்ணீர் கைக்கு வர நேரமாகும். சிறிதானால் தண்ணீர் உடனே வரும், குழாய் ஒரு நிமிடம் தயங்கினாலும் வற்றிவிடும். ஒலியிலும் இதே கணக்கு. வினாடிக்கு 48,000 கூறுகள் (சாம்பிள்கள்) என்று பதிவு செய்யும்போது 1,024 கூறு கொள்ளும் தொட்டி 21.3 மில்லிவினாடி நிறுத்தி வைக்கும். 256 என்றால் 5.3. 64 என்றால் 1.3. உள்ளே வர ஒரு தொட்டி, வெளியே போக ஒரு தொட்டி, ஆகவே இரட்டித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மென்பொருள் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஒலிப்பெட்டியின் வெளிவாயிலிருந்து உள்வாய்க்கு ஒரு கம்பியைச் செருகி, ஒரே ஒரு 'டக்' ஓசையை அனுப்பி, அது திரும்பி வந்து பதிவானதை எண்ணிப் பார்த்தேன். தொட்டி 256. இரண்டு தொட்டிக்கும் சேர்த்து 512 கூறு வரவேண்டும். வந்தது 652. மிச்சம் 140 கூறும், அதாவது ஏறக்குறைய 3 மில்லிவினாடி, யூஎஸ்பி வழியிலும் ஒலியை எண்ணாக்கும் சில்லிலும் ஒளிந்திருந்தது. மொத்தம் 13.6 மில்லிவினாடி. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்பதால் இது 4.7 மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். காவடி ஊர்வலத்தில் நடந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்னால் மேளம் அடிக்க, நூறு மீட்டர் பின்னால் பாடுகிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட 0.3 வினாடி கழித்து வந்து சேரும். அதற்கேற்ப அவர்கள் பாட, முன்னால் இருப்பவர்களுக்கு இன்னும் குழப்பம். எங்கள் பாட்டி அந்த வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டு "சுணங்காமல் வா" என்பார். அவர் தலைமுறையோடு வீட்டில் தமிழ்ப் பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிற்று. அந்தச் சொல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அதனால் இதில் எனக்கு ஓரவஞ்சனை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

> சுணங்கு என்றால் தேமல். தேமல் படர்ந்த கணினியா?

சிரித்தேன். சங்கப் பாட்டில் பெண்களின் மேனியில் படரும் சுணங்கு வேறு, இது வேறு. முகம் சுணங்குவதும் காய்ச்சலில் பிள்ளை சுணங்கிக் கிடப்பதும் வழக்கில் இருக்கின்றனதான். அவை இந்தச் சொல்லுக்கு இடைஞ்சல் இல்லை. ஓட்டம் குறைந்த நிலைதான் மூன்றிலும் இருக்கிறது.

லத்தீன் வேரைத் தோண்டி உள்ளுறைவு என்று எழுதியவருக்கும் ஒரு வார்த்தை. மூலத்தில் மறைந்திருத்தல் என்ற பொருள் உண்டு என்பது சரி. நோயியலில் அது பொருந்தும். ஆனால் என் மாமாவுக்கு அது மறைந்திருக்கவே இல்லை, காதுக்குள் வந்து நக்கல் பண்ணியது. வேரைப் பார்த்துச் சொல் ஆக்குவதைவிட நடப்பதைப் பார்த்து ஆக்குவதே எனக்கு உவப்பு.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க நான் அதைப் புணர்த்திப் பார்ப்பேன், வினையாக்கியும் பார்ப்பேன். சுணங்கும், சுணங்காத. உள்வழிச் சுணக்கம், வெளிவழிச் சுணக்கம், இரண்டும் சேர்ந்தால் சுற்றுச் சுணக்கம். மென்பொருள் அந்த 652 கூறையும் பின்னுக்கு நகர்த்திப் பதிவைச் சரியான இடத்தில் வைக்கிறதே, அது சுணக்க ஈடு. இணைய வலையமைப்புக்கும் இதே சொல் ஓடும்: "இணைப்பு வேகமானதுதான், ஆனால் சுணக்கம் அதிகம்." தாமதத்தோடு ஒரே வாக்கியத்தில் வந்தாலும் மோதாது.

டிரைவருக்கு என்ன தமிழ்ச் சொல் என்ற கிளை விவாதத்தில் நான் நீளமாகப் போகப் போவதில்லை. யாழ்ப்பாண நண்பரின் ஒலிச்சாரதி அழகு. எங்கள் ஊரில் பிரெஞ்சு விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பிலோத் என்பார்கள், போர்ட் லூயி துறைமுகத்தில் கப்பலில் ஏறி உள்ளே வழிகாட்டி வருபவருக்கும் அதுதான் பெயர். அந்தத் துறையின் ஆழமும் மேடும் அறிந்த உள்ளூர்க்காரர். டிரைவர் செய்வதும் அதே வேலை. மீகாமன் என்று ஒரு பழஞ்சொல் நாக்கு நுனி வரை வந்தது. வேண்டாம். இயக்கி ஏற்கெனவே திரைகளில் ஏறிவிட்டது, ஏறியதை இறக்குவது வீண் வேலை.

லேட்டன்சி என்றே விட்டுவிடலாம் என்று எழுதியவருக்கு நான் விரோதி அல்ல. இந்தத் தீவின் கிரியோலில் ரசம் ராசோன் ஆகி நிற்கிறது, முருங்கை முரும் ஆகி நிற்கிறது. எந்தக் குழுவும் கூடி முடிவெடுக்கவில்லை. வாய் விரும்பியது, தங்கியது. லேட்டன்சியும் அப்படித் தங்கினால் தங்கட்டும். ஆனால் இங்கே என் மாணவர்கள் வாயில் அது தங்கவில்லை. அவர்கள் கிரியோலில் ரெத்தார் என்பார்கள், அதுவும் நம் தாமதம்தான், அதே பழைய சிக்கல்.

மாமாவின் கதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒலிப்பெட்டியிலேயே நேர்கேட்புக் குமிழ் ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் குரல் கணினிக்குள் போகாமல் பெட்டியிலிருந்தே காதுக்கு வந்துவிடும். ஐந்து நொடி வேலை. ஆனால் மாமாவுக்குக் கோவில் மண்டபத்து முழக்கம் காதில் கேட்டால்தான் பாட வரும், அந்த முழக்கத்தை உண்டாக்கும் விளைவோ கணினிக்குள் இருக்கிறது. ஆகத் தொட்டியைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. 64-இல் படபடவென்று வெடிப்பு. காரணம் ஒலி இயக்கியே அல்ல. வைஃபையின் இயக்கி நடுநடுவே செயலியைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. வைஃபையை அணைத்து, மின்சேமிப்பையும் நிறுத்தி, 128-இல் வைத்தேன். மச்சானைச் சமாதானம் பண்ணிக் கூட்டி வந்தேன். ரவானின் ஆட்டுத்தோலைக் கொல்லையில் நெருப்பு மூட்டிக் காய்ச்சினோம். ஜனவரி ஈரத்தில் கொஞ்ச நேரத்திலேயே தோல் இறங்கிவிடும். அமைப்புப் பக்கத்தைத் திறந்து எதையும் நோண்டிக்கொண்டிருக்க முடியாது. இரண்டாவது எடுப்பிலேயே பாட்டு முடிந்தது.

கடைசியாக ஒன்று. தொட்டி வற்றி வெடிப்புக் கேட்பதற்கும், நிரம்பி வழிந்து கூறுகள் தொலைவதற்கும் தமிழில் தனித்தனிச் சொல் வேண்டும். வற்று, வழிவு என்று வைக்கலாமா? வற்றல் என்றுதான் முதலில் எழுதினேன், என் மனைவி படித்துவிட்டு "மிளகாயா?" என்று கேட்டாள். எதிர்ப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். கொடியேற்றம் ஆகி விரதம் தொடங்கிவிட்டால் பத்து நாளைக்கு நான் மடலைத் திறக்க மாட்டேன்.